தாமே கூடும் மூலக்கூறுகள்

‘தானே கூடுதல்’ என்னுந் தொடர் இக்காலத்து இரசாயன நூலாரிடையே பெரிதும் பயின்று வழங்குவதாகும். ஒரு பாத்திரத்தில் இட்ட மூலக்கூறுகள், பிறர் எவரும் எடுத்து அடுக்காமலே, தத்தம் இயல்பினால் ஒன்றோடொன்று பொருந்தி, இழையாகவும் சுருளாகவும் படலமாகவும் உருக்கொள்ளும் நிகழ்ச்சிக்கு அவர் இட்ட பெயர் அது. இப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம்முட் சிலர் ஐயுறுகின்றனர். பொருள்கள் தாமே கூடுமாயின் கூட்டுவோன் எற்றுக்கு என்னும் வினா எழுமே என அஞ்சுகின்றனர். வேறு சிலரோ அவ்வினாவையே வெற்றிக்கொடியாகப் பிடித்து, படைப்பென்பது பழங்கதை என்கின்றனர். இரு திறத்தாரும் பெயரைப் பற்றி வழக்காடுகின்றனரேயன்றிப் பொருளைக் கண்டிலர் என்பது எமது கருத்து. யாம் தமிழ் பயில்வோர். இரசாயனச் சாலையில் உழைப்போர் அல்லேம். எனினும் ஒரு சொல்லின் பொருளை இருவர் இருபுறமும் இழுக்குங்கால், சொல்லாராய்வார் வாளா இருத்தல் தகாது. ஆகலின் அந்நிகழ்ச்சி இன்னதென்பதையும், அதனின்று கொள்ளத்தக்கது யாது, தகாதது யாது என்பதையும் எம் அறிவிற்கு எட்டியவாறு எழுதப் புகுகின்றோம்.

மூலக்கூறு என்பது அணுக்கள் சில பிணைந்த ஒரு குழு. அக்குழுவினுள் அணுவை அணுவோடு பிணிக்கும் கட்டு மிக வலியது. கரியணு இரண்டின் இடையேயுள்ள கட்டினை அறுக்க, ஒரு மோல் அளவிற்கு ஏறத்தாழ 350 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். ஆனால் ஒரு மூலக்கூற்றிற்கும் அதன் அயல் நிற்கும் மற்றொன்றிற்கும் இடையே மெல்லியதொரு பற்றும் உண்டு. ஹைட்ரஜன் பிணைப்பு என்பது அத்தகையது. அதன் வலிமை பெரும்பாலும் 10 முதல் 40 கிலோ ஜூல் அளவிலேயே அடங்கும். எளியதென்று இகழத்தக்கதோ அது எனின், அன்று. பனிக்கட்டி நீரில் மிதப்பது இம்மெல்லிய பற்றினால். 1953-ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் இருவர் கண்டு வெளியிட்ட டி.என்.ஏ. வடிவத்தில் இரட்டை இழைகள் சேர்ந்து நிற்பதிலும் இதற்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே அடினினும் தைமினும் இரண்டு பிணைப்புகளாலும், குவானினும் சைட்டோசினும் மூன்று பிணைப்புகளாலும் கைகோத்து நிற்கின்றன. அக்கட்டு மேலும் வலியதாய் இருந்திருக்குமாயின், உயிரணு தன் ஏட்டைத் திறந்து படிக்கவும், படித்தபின் மூடவும் இயலாது போயிருக்கும்.

இனி, பாலிமர் எனவும் பலபடி எனவும் வழங்கும் பொருள்களின் வரலாற்றை நோக்குவோம். இரப்பர், பஞ்சு, பட்டு ஆகியவற்றின் உள்ளமைப்பு யாது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெருவழக்காய் இருந்தது. சிறு மூலக்கூறுகள் பல மெல்லிய ஈர்ப்பினால் திரண்டு நிற்பனவே இவை என்பது அந்நாட் பேரறிஞர் பலருடைய துணிபு. ஹெர்மன் ஸ்டௌடிங்கர் என்னும் செர்மானிய ஆசிரியர் 1920-ஆம் ஆண்டில் அதனை மறுத்தார். ஆயிரக்கணக்கான உறுப்புகள் வலிய கட்டினாலேயே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பெற்ற நெடுஞ்சங்கிலியே இப்பொருள்களின் மூலக்கூறு என்றார். அத்துணைப் பெரிய மூலக்கூறு உலகில் இல்லை என்று உடன் ஆய்வாளர் பலர் அவரை எதிர்த்தனர். ஆண்டுகள் செல்லச்செல்ல ஆராய்ச்சிகள் அவர் பக்கமே சான்று பகர்ந்தன. 1953-ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் அவரை அடைந்தது. நைலானும் பாலிதீனும் அவர் வகுத்த கொள்கையின் வழியே விளங்கும் பொருள்கள். திரள் என்ற கொள்கை தோற்றது. சங்கிலி என்ற கொள்கை வென்றது.

ஆயினும் தோற்ற கொள்கையினுள்ளும் ஒரு வித்து உறங்கிக்கிடந்தது. இரப்பரைப் பற்றி அது கூறியது பிழை. மெல்லிய ஈர்ப்பினால் நெடிய பொருள் அமைதல் கூடும் என்னும் அதன் எண்ணம் பிழையன்று. பிரெஞ்சு நாட்டு ழான் மரி லேன் என்பார் 1978-ஆம் ஆண்டில், மூலக்கூற்றிற்கு அப்பாற்பட்ட கூட்டங்களை ஆராயும் துறைக்குச் சூப்ராமாலிக்யூலர் இரசாயனம் எனப் பெயரிட்டார். மீமூலக்கூற்று வேதியியல் என்று இன்று தமிழில் எழுதுவது அதனையே. 1987-ஆம் ஆண்டில் பெடர்சன், கிராம் என்பாரோடு அவரும் நோபெல் பரிசு பெற்றார். 1990-ஆம் ஆண்டில் அவர் குழுவினர், மும்மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்துக் காட்டினர்.

இத்துறையில் இன்று யாவரும் எடுத்துரைக்கும் பெயர் நெதர்லாந்து நாட்டு ஈ. டபிள்யூ. மெய்யர் என்பாருடையது. 1955-ஆம் ஆண்டில் பிறந்த இவர், குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 1982-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்று, பிலிப்ஸ், டி.எஸ்.எம். என்னும் தொழிற்குழுக்களின் ஆய்வுச்சாலைகளிற் பணிபுரிந்து, 1991-ஆம் ஆண்டில் ஐண்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். 1997-ஆம் ஆண்டில் சைபெஸ்மா, மெய்யர் முதலியோர் ‘சயன்ஸ்’ என்னும் இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு ஒரு மைல்கல்லாயிற்று. யூரைடோபிரிமிடினோன் என்னும் நீண்ட பெயருடைய ஒரு சிறு உறுப்பு அதன் உயிர்நாடி. அவ்வுறுப்பின் ஒருபுறத்தே நான்கு முனைகள் வரிசையாய் நிற்கும். இரண்டு ஹைட்ரஜனைக் கொடுப்பன, இரண்டு ஏற்பன. தன்னைப்போன்ற மற்றொன்று தலைமாறி எதிர்வருமாயின், கொடுப்பதன் நேரே ஏற்பதும், ஏற்பதன் நேரே கொடுப்பதுமாக நான்கும் ஒருங்கே பொருந்திவிடும். தனித்தனியே மெலிந்த பிணைப்பு நான்கு ஒருங்கு நின்றபோது அதன் ஆற்றல் வியக்கத்தக்கதாயிற்று. குளோரோபாரம் என்னுந் திரவத்தில் அதன் இணைவு மாறிலி ஏறத்தாழ ஆறு கோடி எனக் கணித்துள்ளனர். அத்துணை வலிமையிருந்தும் இணைந்த ஒரு சோடி நெடுநேரம் இணைந்தே இருப்பதில்லை. அதே திரவத்தில் ஒரு நொடியின் ஆறிலொரு பங்கு அளவே ஒரு சோடியின் வாழ்நாள். பிரிந்தது உடனே மற்றொன்றைச் சேர்கின்றது. கூட்டம் நிலைத்து நிற்கின்றது; கூடியவர் மாறிக்கொண்டே இருக்கின்றனர்.

இவ்வுறுப்பினை, பாகுபோல் வழியுங் குறுஞ்சங்கிலி ஒன்றன் இரு முனைகளிலும் இணைத்தனர். அப்பாகு இரப்பர்போல் மீள்திறமுடைய திண்பொருளாயிற்று. வெப்பம் ஊட்டினால் பிணைப்புகள் நெகிழ்ந்து அது மீண்டும் வழிகின்றது; ஆறினால் மீண்டும் திண்மை அடைகின்றது. பாரிஸ் நகரில் லெப்லர் என்பாரின் குழுவினர் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் இரப்பர், அறுத்த இரு முகங்களையும் சேர்த்து வைத்தால் அறையின் இயல்பான வெப்பத்திலேயே தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்வது. மருத்துவத்திலும் இவ்வழி திறந்துள்ளது. மீமூலக்கூற்றுப் பாலிமரால் நெய்த இருதய வால்வுகளை 2016-ஆம் ஆண்டு முதற்கொண்டு குழந்தைகள் சிலருக்குப் பொருத்தி ஆராய்ந்தனர். அச்சட்டத்தினுள் உடலின் உயிரணுக்கள் குடியேறிப் புதுத்தசை வளர்க்க, சட்டம் மெல்லமெல்லக் கரைதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். தன் பணி முடிந்தபின் விலகிப்போகத் தெரிந்த பொருள் எவ்வளவு அரியது என்பதை நோயாளியின் பெற்றோர் நன்குணர்வர்.

ஈண்டு எமது முதற் கருத்தைக் கூறுகின்றோம். பிரியாமையே கட்டின் பெருமை என்று நாம் சிறுவயது முதற்கொண்டு எண்ணிப் பழகிவிட்டோம். அவ்வெண்ணத்தின் விளைவை இன்று தெருவெங்கும் காண்கின்றோம். 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் செய்த பிளாஸ்டிக் ஏறத்தாழ 46 கோடி டன். கழிவாய்ப் போன பிளாஸ்டிக்கில் மீண்டும் பயன்பட்டது நூற்றுக்கு ஒன்பது பங்கே. ஒரு நாழிகை பயன்படும் பையினைப் பல தலைமுறை அழியாத கட்டினாற் செய்தோம். இது பொருளின் குற்றமன்று. எக்காரியத்திற்கு எக்கட்டு வேண்டும் என்று எண்ணாத நம் குற்றமே. 2024-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு ஐடா என்பாரும் அவர் குழுவினரும், உப்பிணைப்பினால் அமைந்து வலிமையோடு நிற்பதும், கடலுப்பு நீரில் இட்டால் சில மணி நேரத்திற் கட்டவிழ்ந்து கரைவதுமான ஒரு பிளாஸ்டிக்கை வெளியிட்டனர். நெகிழும் கட்டு நம் கவலைக்கு ஒரு மருந்தாதல் கூடும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

இதற்கு ஒரு தடை எழும். நெகிழும் கட்டினாற் செய்தது நெடுநாட் பாரம் தாங்குமோ என்பார் உளர். அத்தடை நியாயமானதே. மெல்லிய பிணைப்பினால் அமைந்த பொருள் இடைவிடாத சுமையின்கீழ் மெல்ல இழுபட்டு உருமாறும் இயல்பினது. பாலத்தின் கயிற்றிற்கும் விமானத்தின் சிறகிற்கும் வலிய கட்டே வேண்டும். எல்லாவற்றிற்கும் ஒரே கட்டு என்பதையே யாம் மறுக்கின்றோம்.

இனி, முதலிற் கூறிய வழக்கிற்கு வருவோம். தாமே கூடுகின்றன என்பதன் பொருள் யாது? ஆய்வுச்சாலையில் நிகழ்வதைக் கூர்ந்து நோக்கின், அக்கூட்டம் காரணமின்றி நிகழ்வதன்று என்பது தெளிவாம். உறுப்பின் முனைகள் எவ்வரிசையில் நிற்றல் வேண்டும் என்பது முன்னரே எண்ணி அமைக்கப்பெற்றது. எத்திரவம், எவ்வளவு செறிவு, எவ்வளவு வெப்பம், எத்துணை விரைவில் ஆற்றுதல் என்பனவெல்லாம் விளைவை மாற்றுவன. 2012-ஆம் ஆண்டில் மெய்யர் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே மூலக்கூறு முதலில் விரைந்து ஒருபுறம் முறுக்கிய சுருளாய்க் கூடி, பின்னர் அதனைக் கலைத்து, மறுபுறம் முறுக்கிய நிலைத்த சுருளாய் அமைந்தமை கண்டனர். 2018-ஆம் ஆண்டின் ஆய்வொன்றில், எண்ணெய் போன்ற திரவத்திற் கண்ணுக்குப் புலனாகாது கலந்துள்ள நீரின் சிற்றளவே சுருளின் அமைப்பை மாற்றிவிடும் எனக் கண்டனர். மூலக்கூறுகளை அடுக்கும் கை இல்லை என்பது மெய். ஆனால் அவற்றின் இயல்பும், அவை நிற்கும் இடமும், அவை வந்த வழியும் அக்கூட்டத்திற்குக் காரணமாய் நிற்கின்றன.

‘தானே’ என்பதிலுள்ள ஏகாரம் பிரிநிலைப் பொருளது என்பதைத் தமிழ் கற்றார் அறிவர். பிரிநிலை எனின், எதனினின்று எதனைப் பிரிக்கின்றது என்று கேட்டல் வேண்டும். ஈண்டு அது பிரித்து விலக்குவது, ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்குங் கையினை மட்டுமே. உறுப்பை இயற்றியோனையோ, அதற்கு அவ்வியல்பு வந்த மூலத்தையோ அது விலக்கவில்லை, நிலைநாட்டவும் இல்லை. நெல் விளைந்தது என்கின்றோம். அதனைக் கேட்டு உழவன் இல்லை என்பார் இலர். உழவன் ஒவ்வொரு மணியிலும் பால் புகட்டினான் என்பாரும் இலர். அவ்வாறே இரசாயனர் சொல்லும் சொல்லிற்கு அதன் எல்லையளவே பொருள் கொள்ளுதல் முறை. அதனைக் கொண்டு கடவுள் இல்லையென வாதிப்போர், ஒரு சிறிய ஏகாரத்தின்மேல் அது தாங்காத பெருஞ்சுமையை ஏற்றுகின்றனர்.

எம் சமயத்தாரில் அஞ்சுவோர்க்கும் ஒரு சொல் உண்டு. விஞ்ஞானம் விளக்காத இடமெல்லாம் கடவுளுக்குரிய இடம், விளக்கிய இடமெல்லாம் அவர் கைவிட்டுப் போன இடம் என்று கருதுவது, பக்திபோல் தோன்றினும் பக்தியன்று. அவ்வாறு கருதுவோர்க்கு ஒவ்வொரு புதிய ஆய்வும் ஒரு தோல்வியாய் முடியும். 1955-ஆம் ஆண்டில் பிரெங்கெல்-கான்ராட், வில்லியம்ஸ் என்னும் இருவர், புகையிலைச் செடிக்கு நோய் தரும் வைரஸை அதன் புரதமும் அதன் நியூக்ளிக் அமிலமுமாகப் பிரித்து, பின்னர் இரண்டையும் ஒருங்கே சேர்த்தனர். ஏறத்தாழ 2,130 புரத உறுப்புகளைக் கொண்ட அந்நுண்கோல் மீண்டும் உருப்பெற்று, நோய் விளைக்கும் ஆற்றலையும் பெற்றது. இச்செய்தியைக் கேட்டு நம் விசுவாசம் தளரவேண்டுமெனின், அவ்விசுவாசம் நம் அறியாமையின்மேற் கட்டப்பட்டதாகும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையே நோக்குக. ஆங்கே செடிகொடிகளைப் பிறப்பிக்குமாறு மண்ணிற்குக் கட்டளை பிறக்கின்றது. நீந்துவனவற்றைத் தோற்றுவிக்குமாறு நீருக்குக் கட்டளை பிறக்கின்றது. படைக்கப்பெற்ற பொருளுக்கே பிறப்பிக்கும் ஆற்றல் அளிக்கப்பட்டமையை அவ்வதிகாரம் மறைக்கவில்லை. அதனைப் படித்து வளர்ந்தோர், பொருளின் உள்ளே ஓர் ஒழுங்கு இயல்பாய் உறைவதைக் கண்டு திடுக்கிடுவது ஏன்? அதே வேளையில், மெய்யரின் சுருளைக் காட்டி இதோ கடவுளின் சான்று என்று மேடையில் முழங்குதலும் யாம் விரும்பாததே. ஆராய்ந்தவர் சொல்லாததை அவர் ஆய்வின் வாயிலாகச் சொல்விப்பது நேர்மையன்று. விசுவாசிக்கு ஆய்வுச்சாலையில் உரிய கடமை, கண்டதைக் கண்டவாறு கூறுதலே.

மற்றொன்றும் கூற விழைகின்றோம். இத்துறைக்குத் தமிழிற் பெயர் அமைப்பார், ஆங்கிலச் சொல்லை உறுப்புறுப்பாய்ப் பெயர்த்து அமைதியுறுகின்றனர். நம் இலக்கணமோ, கூடுதலை இரண்டாயிரம் ஆண்டு ஆராய்ந்து வந்ததொன்று. சொல்லும் சொல்லும் சேருங்கால் எழுத்து மாறாது நிற்பின் இயல்புப் புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் என்பவற்றுள் ஒன்று நிகழின் விகாரப் புணர்ச்சி. ஸ்டௌடிங்கரின் சங்கிலியில் உறுப்புகள் விகாரமுற்றே சேர்கின்றன. நைலானின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு நீர் மூலக்கூறு நீங்குகின்றது, அது கெடுதல். பாலிதீனில் இரட்டைக் கட்டு ஒற்றையாகின்றது, அது திரிதல். மெய்யரின் சங்கிலியிலோ உறுப்புகள் தம்முள் எதனையும் இழவாது அவ்வாறே நின்று புணர்கின்றன. பிரியுங்கால் முன்னிருந்தபடியே பிரிகின்றன. இதனை இயல்புப் புணர்ச்சி என்று வழங்கினால் என்ன? ‘தானே’ என்னுஞ் சொல்லாற் பிறந்த வீண்வழக்கும் ஒழியும். பொருளும் பெயரிலேயே விளங்கும். இதனினும் சிறந்த பெயரை இரசாயன வகுப்பினர் காட்டுவாராயின் யாம் மகிழ்ந்து ஏற்போம்.

வேதியியற் சேர்க்கை தானே நிகழும் எல்லையை எத்துணைத் தூரம் கொண்டுசெல்ல இயலும் என்னும் வினாவை, 2005-ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழ் தன் 125-ஆம் ஆண்டு நிறைவின்போது, விஞ்ஞானத்தின் இருபத்தைந்து பெருவினாக்களுள் ஒன்றாக வைத்தது. அவ்வினாவிற்கு விடை காண்போருள் நம் கல்லூரி இரசாயன மாணவரும் ஒருநாள் இடம்பெறலாம். அவர் கண்டதைத் தாய்மொழியிற் பிழையறச் சொல்லுதற்கு வேண்டிய சொற்களை ஆக்கித் தருதல் தமிழ் பயில்வோர் கடன். ஆதலின் தமிழ்ச் சங்கமும் இரசாயனச் சங்கமும் ஆண்டிற்கு இருமுறையேனும் ஒருங்கு கூடி, ஒரு துறையின் சொற்களைப் பொருளோடு ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும் என்றும், ஆய்வுத்துறையிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் தாம் செய்யும் வேலையைப் பற்றி இத்தமிழ்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டுரையேனும் எழுதி உதவுதல் வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கின்றோம். இரு சங்கத்தாரும் தாமே கூடுவர் என்று காத்திருத்தல் வேண்டா. பாத்திரத்தையும் நாளையும் எவரேனும் ஒருவர் அமைத்தல் வேண்டும். அதனை வரும் பருவத்திலேயே நம் சங்கச் செயலாளர்கள் செய்வார்களாக.